வாசலில் கழற்றிய ஷூ

அன்புள்ள அம்மாவுக்கு, தௌஹீத் ஸலாம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அத்தா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஸ்பெயினில் நான் கூட்டித் துடைக்கும் இசைப் பள்ளியில் போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. இனேஸ் டீச்சர் பழங்காலத்துச் சின்ன கிதாரில் ‘கனாரியோஸ்’ வாசித்தார். குதிகாலால் தரையைத் தட்டித் தட்டி ஆடுவதற்கான பாட்டு அது. “கூடத்துக்குள்ள செருப்போட வராதடா” என்று நீங்கள் திட்டித் திட்டி வந்த பழக்கத்தில், ஷூவை வாசலில் கழற்றிவிட்டு மூலையில் அசையாமல் நின்று கேட்டேன்.

வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தவர் கேட்டதை நம் பேச்சில் சொன்னால், “இம்புட்டு நல்லா ஆடுவியாப்பா? உன் ஷூ சத்தம் தாளத்துல அப்படி விழுந்துச்சே!” பிறகு என் வெறுங்காலைப் பார்த்தார். கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

எனக்குக் கிதார் மட்டும்தான் கேட்டது. ஆனால் திரும்பப் போட்டபோது ஷூ உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த வாசலில் வெயில் விழாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தங்கச்சி சமீனாவின் மாப்பிள்ளை இங்கே வரும்போது என் பழைய ரப்பர் செருப்பைக் கொடுத்தனுப்புங்கள், அது சத்தம் போடாது. நீங்கள் ஓதுவதை போனில் பதிந்து அனுப்பினாலும் நல்லது, தூங்குவதற்கு முன் கேட்பேன்.

இன்று ஷூவை, துடைப்பம் வைக்கும் அறையில் பூட்டிவிட்டேன். சாவி என் பையில். கூடத்தில் இனேஸ் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பூட்டிய அறைக்குள்ளிருந்து தாளம் தப்பாமல் தட்டுகிற சத்தம் வருகிறது. எலியாகத்தான் இருக்கும். திறந்து பார்த்துவிட்டு வாரேன், அம்மா.