முதல் முப்பது எழுத்து

ஜூன் 3

அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாதென்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அவளா, பேசாமலா? கையில் இருப்பது பட்டன் போன். அதில் செய்தி அடிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. அத்தானின் கணினியில் மெயில் அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். ஒன்றுகூட வரவில்லை. சோம்பேறி.

ஜூன் 6

அலுவலக சர்வருக்கு வரும் மெயிலையெல்லாம் நான் நிரலாக எழுதிய ஸ்கிரிப்ட்தான் முதலில் பார்க்கிறது. ஆர்டர் என்றால் விற்பனைப் பிரிவுக்கு, விளம்பரம் என்றால் குப்பைக்கு, மிச்சம் அவரவர் பெட்டிக்கு. என் சொந்த மெயிலும் அதே வழிதான். இன்று மட்டும் நானூறு குப்பையை வாசலிலேயே தடுத்திருக்கிறது. மேலாளர் பாராட்டினார். தலைகால் புரியவில்லை எனக்கு.

அக்காவுக்கு நானே எழுதினேன்: "எப்படி இருக்கே?"

ஜூன் 11

பதில் இல்லை.

ஜூன் 14

அத்தானுக்குப் போன் செய்தேன். குரலே சரியில்லை. "அவதான் எல்லாம் எழுதியிருக்காளே. முதல்ல அதுக்குப் பதில் போடும்மா."

எனக்கு ஒன்றும் வரவில்லை என்றேன்.

"சர்வரையே நீதான் பாத்துக்கறே. மெயில் வரலேன்னு என்கிட்ட சொல்றியா?" — வைத்துவிட்டார்.

பெட்டியையும் குப்பையையும் மூன்று முறை தேடினேன். இல்லை. முகவரி தப்பா? தப்பென்றால் அவளுக்கே திரும்பிப் போயிருக்குமே. அத்தான் பொய் சொல்கிற ஆளில்லை. அப்படியானால்?

ஜூன் 18

நெட்வொர்க் பார்ப்பவரை — எங்களுக்கு அவர் மந்திரி — சோதனைக்கு மெயில் போடச் சொன்னேன். 'சோதனை ஒன்று, சாப்பிட்டாச்சா' என்று போட்டார். வந்தது. அக்கா மாதிரியே வெளியிலிருந்து ஒன்று போட்டார். அதுவும் வந்தது. எல்லாருடையதும் வருகிறது, அவளுடையது மட்டும் வரவில்லை. மண்டை காய்கிறது.

ஆஸ்பத்திரியில் "இனிமேலாவது வீட்ல மத்தவங்க பேசறது காதுல விழும்" என்று கிண்டல் செய்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டாளோ? சிரித்தாளே. எழுதாமலேயே எழுதினேன் என்று அத்தானிடம் சொல்லியிருப்பாளோ? சே, என்ன புத்தி எனக்கு.

ஜூன் 24

இன்று மந்திரி எட்டிப் பார்த்து, "என்ன, கடைசியா போட்டது வந்துச்சா?" என்றார். எது? "தலைப்புல 'இது வருதா'ன்னு அடிச்சு அப்படியே அனுப்பிட்டேனே. உள்ள வேற என்னத்த எழுதறது?"

வரவில்லை.

உள்ளே ஒன்றும் இல்லாத மெயிலை அழித்துவிடு — நான்தான் எழுதினேன் அந்த விதியை. முகவரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விளம்பரக்காரர்கள் காலி மெயில் அனுப்புவார்கள். அதைச் சேர்த்துவைப்பானேன் என்று அடியோடு அழிக்க வைத்தேன். அக்காவோ கடிதம் முழுவதையும் தலைப்புக் கட்டத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தபோது அந்தக் கட்டத்தோடு பாடத்தை நிறுத்திவிட்டேனா? ஞாபகமே வரவில்லை.

மெயில் திரும்பக் கிடைக்காது. ஆனால் அழித்ததை எல்லாம் ஸ்கிரிப்ட் ஒரு பதிவுக் கோப்பில் குறித்துவைக்கும்: தேதி, அனுப்பியவர், தலைப்பு. வரி நீளக் கூடாதென்று தலைப்பை முப்பது எழுத்தோடு (புள்ளி, கொம்பு, இடைவெளியும் கணினிக்கு ஓர் எழுத்துதான்) வெட்டச் சொல்லியிருந்தேன். அதுவும் நான்தான்.

அவள் பெயரில் ஒன்பது வரி. மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 9: வாலு, இன்னொரு ஆபரேஷன் வேணும்னு

ஜூன் 16: கோவமா இருக்கியா? இருந்தா சொல்ல

ஜூன் 19: டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசலாம்

அத்தானைக் கூப்பிட்டேன். இரண்டாவது ஆபரேஷன் இருபதாம் தேதியே முடிந்துவிட்டதாம். குரல் திரும்புமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்கறாங்கம்மா." நடந்ததையெல்லாம் சொன்னேன்.

ஜூன் 25

டிக்கெட் எடுத்தாச்சு. என்ன சொல்லப்போகிறேன்?

ஜூன் 27

அக்கா வீடு. கழுத்தில் கட்டு. அந்த ஒன்பது வரியையும் தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியையும் முடிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு 'மறந்துபோச்சு'.

கடைசி வரியை முடித்தாள்: 'டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசலாம்னு சொல்லிட்டார், நாளைக்கு ஆபரேஷனுக்கப்புறம் குரல் எப்படி இருக்குமோ. சர்வர் ரூம்ல உனக்கு சிக்னல் இருக்காதே, எப்ப கூப்பிட?'

"அப்புறம் அந்த ரெண்டு நிமிஷம் யார்கிட்டதான் பேசினே?" என்று கேட்டேன்.

தாளின் ஓரத்தில் எழுதினாள்.

'யார்கிட்டயும் இல்ல. உனக்குன்னு வெச்சிருந்தேன். காலையில வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க.'

அதன் கீழேயே இன்னொரு வரி எழுதித் தாளை என் பக்கம் தள்ளினாள்: 'மூஞ்சியத் துடை. அத்தான் வரார்.'