மழைக்காலத்துப் பேர்

நவம்பர் 14, வெள்ளி

துபாயிலிருந்து மச்சான் பேசினார். அவர் வேலை பார்க்கும் கடையில் புதிதாகச் சேர்ந்த கென்யாக்காரியின் பேர் நஃபூலாவாம். "மழைக்காலத்துல பொறந்த பொண்ணுக்கு அவங்க ஊர்ல வைக்கிற பேராம். நல்லாருக்குல்ல?" என்று சிரித்தார்.

"என் பேருக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும் புள்ள? பசங்க தூங்கிட்டாங்களா?"

நசீமா என்றால் இளங்காற்று. நிக்காஹ் முடிந்த வாரமே சொல்லியிருக்கிறேன். லெப்பைக்குடிக்காட்டு அடைமழையில் நான் பிறந்ததையும் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்கு நான் 'புள்ள'தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. போன லீவில் அவர் போனைப் பார்த்தேன். என் நம்பரை 'வீடு' என்று போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நஃபூலாவின் நம்பரை நஃபூலா என்றுதானே போட்டிருப்பார்?