சாப்பாட்டு மேசை ஜெபம்

என் மகளுக்கு,

"அப்பா அப்படி ஜெபிக்கிறப்போ நீங்க எப்படிம்மா ஆமென் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறாய்.

சமையலில் உப்பு கூடினால்கூட உன் அப்பா என்னிடம் சொன்னதில்லை. அடுத்த வேளை சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம்தான் சொல்வார். "இவளுடைய பெருமையை உடைத்துப்போடும்" என்பார். நான் ஆமென் சொல்லிவிட்டுப் பரிமாறுவேன். கல்லூரியில் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், வீட்டில் கேட்டதில்லை. கீழ்ப்படிவதும் விசுவாசத்தில் சேர்த்தி என்று இருந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போதும் ஜெபிக்கிறேன், அடுப்படியில், தனியாக. அங்கே என்னைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

உன் வீட்டுக்காரர் உன்னை அடித்துவிட்டு, உனக்காக ஜெபமும் செய்கிறார் என்று நீ எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நீ இங்கே வரலாமா என்று கேட்டேன். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். அதனால் கடிதத்தை முடிக்காமல் வைக்கிறேன்.

மறுநாள் எழுதுகிறேன். மதியம் மேசையில் ஜெபித்தார். நீ பணிந்து அங்கேயே நிலைத்திருக்க வேண்டுமாம். முடித்துவிட்டு என் ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

"என்ன, தூங்கிட்டியா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"இல்லைங்க. அவ வரட்டும்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, உன் அறையைப் பெருக்கி, கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன்.

அம்மா