மேட்டில் நின்று கேட்ட கேள்விகள்

அண்ணி,

அண்ணன் நேற்று ஜீப்பில் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். விதைக்கு வைத்த மக்காச்சோளக் கதிர்கள். பையைப் பிரித்ததும் சந்தவாசலில் என் வீடு முழுக்க உங்கள் வீட்டுப் புகை வாசனை. பூச்சி அண்டாமலிருக்க அடுப்புக்கு மேலே கதிர்களைக் கட்டித் தொங்கவிடுவீர்களே, அந்த வாசனை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு சந்தேகம். மேடு ஏறும்போது நின்று நின்று கேட்பீர்களே, அதில் எதெல்லாம் நிஜமான கேள்வி?

புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைமேல் உங்கள் ஊருக்கு உங்களோடு நடப்பது பெரிய கூத்து. பாதி மேட்டில் இடுப்பில் கை வைத்துப் புளியமரத்தை அண்ணாந்து பார்ப்பீர்கள். "இந்த வருசம் காய் கம்மியா கீதே, இன்னா காரணம்?" நான் சொல்லி முடிக்கும்வரை நகர மாட்டீர்கள். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு கேள்வி. "உங்களுக்கு வாயே ஓயாதா அண்ணி?" என்று கிண்டல் செய்வேன். பேசியது முழுக்க நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

உங்கள் இருமலுக்குப் பனி காரணம் என்றோம். கால் வீக்கத்துக்கு நடை. உடம்பு இளைத்ததற்குச் சரியாகச் சாப்பிடாதது. உட்கார்ந்தபடியே தூங்கியதற்கு, மகளைக் கட்டிக்கொடுத்த கவலை. டாக்டர்கள் பீடி, சிகரெட் உண்டா என்பார்கள். இல்லை என்றதும் இருமல் மருந்து எழுதிக் கொடுப்பார்கள்.

கீழே டவுனில் ஒரு டாக்டரம்மா மட்டும்தான், "அடுப்பு எங்க இருக்கு? ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார். மூச்சை அளக்கும் மெஷினின் குழாயில் ஊதச் சொன்னார். நீங்கள் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஊதியும் மெஷினுக்குப் போதவில்லை. விறகுப் புகையில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, அந்தப் பாரத்தில் இதயம் தளர்ந்துதான் கால் வீங்குகிறது, எலும்பு தேய்வதும் மனம் சோர்ந்துபோவதும்கூட இதோடு சேர்ந்து வரும் என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "நான் இருமலத்தானே கூட்டியாந்தேன்? அது சொந்தக்காரங்களயெல்லாம் கூட்டியாந்து கீதே! இதுல மூத்தது யாருங்க?"

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சோடு உள்ளே உறிஞ்சும் மருந்து கொடுத்து, அடுப்பை வெளியே மாற்றச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் உங்களுக்கு ஒரே கவலை. "பொகையில்லாம வெதை புழுத்துப் போய்டாதா?" அண்ணன் வெளியே கொட்டகை போட்டார். அடுப்போடு கதிர்களும் அங்கே குடிபோயின.

அந்த வெயில் காலம் நன்றாகவே இருந்தீர்கள். மேட்டில் நிற்பீர்கள், மரத்தைச் சாக்காக வைக்காமல், மூச்சு வாங்குகிறது என்று வெளிப்படையாகவே சொல்வீர்கள். மூச்சு வந்த பிறகும் புளியமரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அப்படியானால் கேள்விகளும் நிஜம்தானே? மழைக்காலத்தில் வந்த சளிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் யாராவது அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

போன வாரம் உங்கள் ஊருக்கு ஏறினேன். கூட வந்த உங்கள் பக்கத்து வீட்டுக்காரி பாதி மேட்டில் நின்றாள். "இந்தப் பலா யாருது, நல்லா காய்ச்சி கீதே?" என்றாள். நான் மரத்தைப் பார்க்கவில்லை. அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும். உன் வூட்ல அடுப்பு எங்க கீது?" என்று கேட்டேன்.

பதில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை. அது வரும்வரை, அந்தப் பலா யாருடையது என்று நானே பேசிக்கொண்டிருந்தேன்.