முன்கூட்டி எழுதிய இரங்கல்

புதன்கிழமை

காலையில் எழுந்ததும் போனைப் பார்த்தேன். மூத்த நகைச்சுவை நடிகை ஒருவர் இறந்துவிட்டதாக எங்கும் செய்தி. எங்கள் சினிமா செய்தித் தளத்துக்காக அவருக்கு இரங்கல் கட்டுரை முன்பே எழுதி வைத்திருந்தேன். "எல்லாரும் போட்டாச்சு, நீங்களும் போடுங்க" என்று சென்னையிலிருந்து ஆசிரியர் அவசரப்படுத்தினார். மனம் கேட்கவில்லை. பந்தல்குடியில் இருக்கும் நடிகையின் வீட்டுக்கே போன் செய்தேன்.

அவரே எடுத்தார்! பதற்றத்தில் இரங்கல் எழுதி வைத்திருப்பதையும் உளறிவிட்டேன்.

"அப்படியா? வாசி தாயி, கேப்போம்."

வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சினார்.

"ஏத்தா, இம்புட்டு நல்லா எழுதிப்புட்டு, நான் செத்தாத்தான் போடுவியாக்கும்?"

இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாளைக் காலை, இறப்பைச் சொல்லும் முதல் பத்தியை மட்டும் மாற்றி, ஆசிரியரிடம் கேட்காமலே கட்டுரையை வெளியிடப்போகிறேன்.