லோக்கம் டாக்டருக்கு

திருப்பரங்குன்றம்

சிரஞ்சீவி குருபிரசாத்துக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. க்ஷேமம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் க்ஷேமம். நீயும் ராஜஸ்ரீயும் சௌக்கியமாக இருப்பீர்கள், அந்தச் சீமைக் குளிரில் காதை மூடிக்கொள். இங்கே எனக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது, சர்க்கரை இறங்கவில்லை, மோட்டார் மறுபடி ரிப்பேராகி உன் சித்தப்பா பிள்ளை சுந்தரம்தான் கப்பலூரில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஆளைக் கூட்டி வந்தான்.

அப்பா போன அன்று போனில், நான் லோக்கமா இருக்கேம்மா, விட்டுட்டு வர முடியாது என்றாய். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிடையரான எனக்கே அந்தச் சொல் தெரியவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அகராதியில் பார்த்தேன். லத்தீனில் லோக்கம் டெனன்ஸ், இன்னொருவர் இடத்தைப் பிடித்துவைத்திருப்பவர். பாதிரியார் ஊரில் இல்லாதபோது சர்ச்சில் நிற்கிறவரை அப்படிச் சொன்னார்களாம், டாக்டருக்கும் சொன்னார்கள். லெப்டினன்ட் என்கிறோமே, அதற்கும் இதே அர்த்தம்தான். வெள்ளைக்காரன் சுருக்கிச் சுருக்கி, பிடித்திருப்பவரை வெட்டிவிட்டு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டான். பாடம் நடத்துகிற புத்தி போகவில்லை, பொறுத்துக்கொள்.

ஆக யாரோ ஒரு டாக்டர் பெண்டாட்டி பிள்ளைகளோடு லீவில் போக, அவர் நாற்காலியை நீ பிடித்துக்கொண்டிருந்தாய். இங்கே உன் இடத்தைச் சுந்தரம் பிடித்தான். காரியம் செய்ய வேண்டிய கர்த்தா நீ, நீ இல்லாததால் உனக்குப் பதில் நீ செய் என்று நான் தர்ப்பைப் புல்லை அவன் கையில் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டு அவன் கொள்ளி வைத்தான். மாதாமாதம் மாசியத்துக்கும் அப்படியே. எதிர்வீட்டு ஒச்சாயி, டாக்டர் தம்பிக்கு அங்க எம்புட்டு வேலையோ, பாவம் என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த மாதம் அப்பா போய் ஒரு வருஷம், வருஷாப்திகம். சாஸ்திரிகள், கவலைப்படாதேங்கோ மாமி, சுந்தரமே புல் வாங்கிண்டு பண்ணிடட்டும் என்றார். அவனும் லீவு சொல்லிவிட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். அவ்வளவு காரியமும் ஆள் மாற்றி நடந்தாயிற்று, போதும். இதை நீ வந்து செய். வராவிட்டால் புல்லை ஒருவர் கையிலும் கொடுக்க மாட்டேன், அன்று அந்த மனுஷனுக்கு ஒரு பிடி சாதம் கிடையாது. பாவம் எனக்கு வரட்டும், உனக்கும் அதில் பங்கு உண்டு.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் எழுதுகிறேன். திதி கார்த்திகை கிருஷ்ண பஞ்சமி, இங்கிலீஷ் தேதியை நீயே பார்த்துக்கொள். டிக்கெட் போட்டால் போன் செய். போடாவிட்டால் செய்யாதே.

உன் அம்மா,
பட்டு ஹாலாஸ்யம்