ஜெனிஃபர் என்ன எழுதுவாள்?

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஷேர் ஆட்டோ முழுக்க ஒரகடம் கம்பெனி ஆட்கள். வழியில் கல்லூரிக்கு இறங்குவது நானும் ஜெ.யும் மட்டும். (ஜெ. = ஜெனிஃபர். முழுப் பெயர் எழுதச் சோம்பல்.)

பொருளாதார வகுப்பில் கே.எஸ். சார் ஒரு விளையாட்டு அறிவித்தார். வெள்ளிக்கிழமை. இரண்டிரண்டு பேராக. ‘பகிர்’ அல்லது ‘எடு’ என்று சீட்டில் மறைத்து எழுத வேண்டும். இருவரும் பகிர்: ஆளுக்கு ஐந்து மதிப்பெண். ஒருத்தி எடு, மற்றவள் பகிர்: எடுத்தவளுக்குப் பத்து, மற்றவளுக்கு சைபர். இருவரும் எடு: ஆளுக்கு ஒன்று. எல்லாம் இன்டர்னல் மார்க்கில் சேரும்.

என் ஜோடி ஜெ. சாரே போட்டது. ஏன் எங்கள் இருவரையும்? எங்களை வைத்துக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கப் பார்க்கிறாரோ.

செப். 9, செவ்வாய்

ஜெ. முட்டை பப்ஸ் வாங்கித் தந்தாள். மூன்று வருடத்தில் அவளாக வாங்கித் தருவது இதுதான் முதல் தடவை.

“இன்னாடி திடீர்னு?”

“சும்மாதான்டி. துன்னு.”

சும்மா என்று எதுவும் கிடையாது. முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பப்ஸ் ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் சாப்பிட்டேன்.

செப். 10, புதன்

வாங்க வேண்டியவை: ஏ4 தாள், ஷாம்பு, அம்மாவுக்குத் தைலம்.

டெங்குவில் படுத்ததால் ஜெ. முதல் டெஸ்ட் எழுதவில்லை. இந்த ஐந்து கிடைத்தால்தான் பரீட்சைக்கு விடுவார்கள். அவள் அண்ணன் ஒரகடத்தில் சூப்பர்வைசர். “இந்த வாட்டி பரீட்சைக்கு உடலன்னா படிச்சது போதும், கம்பெனிக்கு வந்துடுன்றான்டி.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறாளோ? ஐந்து போதும் என்கிறவளுக்குப் பத்து கசக்குமா?

மாலையில் ஜெராக்ஸ் கடை ஓரம் அவளும் கடைசி பெஞ்ச் பிரவீனும் ஏதோ குசுகுசு. என்னைப் பார்த்ததும் கப்சிப்.

செப். 11, வியாழன்

மழை வருகிற மாதிரி இருட்டியது. வரவில்லை.

“நான் பகிர்னுதான்டி எழுதுவேன். கர்த்தர் மேல சத்தியம்.”

நான் கேட்கவே இல்லை. கேட்காமல் சத்தியம் செய்கிறவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

கட்டம் போட்டுப் பார்த்தேன். அவள் பகிர்ந்தால், எனக்கு எடுப்பது லாபம். அவள் எடுத்தாலும் எனக்கு எடுப்பதுதான் லாபம். திருப்பித் திருப்பிப் போட்டாலும் அதே விடை. தலைவலி. தைலம் வாங்க மறந்துபோச்சு.

செப். 12, வெள்ளி

எடு என்று எழுதினேன்.

சார் சீட்டுகளைப் பிரித்து உரக்கப் படித்தார். ஜெ.: பகிர். எனக்குப் பத்து. அவளுக்கு சைபர். பின்னாலிருந்து கைதட்டல் வேறு. “டெக்ஸ்ட்புக் ஆன்சர்!” என்று சார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜெ. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று பிரவீனைப் பிடித்துக் கேட்டேன். “உன்ன நம்பாதன்னு சொன்னேன். என்னையே திட்டி அனுப்சிட்டா.”

சாரிடம் ஓடினேன். என் பத்தில் ஐந்தை அவளுக்குப் போடுங்கள் சார் என்றேன். “ரூல்னா ரூல்தாம்மா. மாத்த முடியாது.”

வெட்கமாக இருக்கிறது. போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

செப். 15, திங்கள்

நல்ல வெயில். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்குள் ஜெ. பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஏறு.”

திட்டப்போகிறாளா? ஏதாவது கேட்கப்போகிறாளா? வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “வுடுடி” என்றாள்.

கல்லூரி வந்தது. இறங்கினேன். அவள் அசையவில்லை.

“நீ எறங்கல?”

“அண்ணன் கம்பெனில பேசி வெச்சிகீறான். இன்னிக்கு இன்டர்வியூ.”

டிரைவர் ஹாரன் அடித்தார். ஆட்டோ ஒரகடம் பக்கம் போய்விட்டது.

எனக்கு எதற்கு இடம் பிடித்து வைத்தாள்?